வாவியைப் பார்த்து நின்ற சூரியகாந்திகள்

எங்கள் குடும்பத்தில் படம் எடுக்கிறவள் நான். பிறந்தநாள், சாமத்தியவீடு, மாமாங்கத் தீர்த்தம் எதுவென்றாலும் போனை என்னிடம்தான் நீட்டுவார்கள். அதனால் படங்களில் நான் இருப்பது குறைவு. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றித் தலைமயிர் கொட்டிய பிறகு ஒன்றிலுமே இல்லை.

தங்கையின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. குடும்பப் படத்துக்கு எல்லோரும் வரிசை கட்டியபோது நானும் போய் நின்றேன். தங்கை என் தோளைத் தொட்டு, "அக்கா, நீங்க கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க. தலைமயிர் வளரட்டும், மறுகா வடிவா ஒரு படம் எடுப்பம்" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுகா என்றால் எப்போது? மருந்து முடிந்திருந்தது. அது வேலை செய்ததா இல்லையா என்று சொல்லும் பரிசோதனைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதற்கு முன்னே, இந்தத் தலையோடேயே எனக்கு ஒரு படம் வேண்டும். பின்னுக்கு அல்ல, நடுவில். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

சுற்றிலும் சூரியகாந்தி வேண்டும் என்பதும் என் பிடிவாதம்தான். மல்லிகையும் ரோசாவும் தலையில் வைக்கிற பூக்கள். எனக்கு அப்போது வைக்க இடமில்லை. சூரியகாந்தியை யார் தலையில் வைக்கிறார்கள்? அது பாட்டுக்குத் தன் பெரிய தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மாரி மழை ஓய்ந்ததும் வாவிப் பக்கத்து வேலியோரம் மண்ணைக் கொத்தி விதை போட்டேன். நாங்கள் படுவான்கரைக்காரர், வாவியின் மேற்குக் கரை. வளவின் கிழக்கு எல்லையில் வாவி, வீட்டுக்குப் பின்னால் மேற்கே வயல் வட்டை. பிறந்த நாள் முதல் சூரியன் அந்த வட்டைக்குள் விழுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பின்நேரம் பூக்களெல்லாம் சூரியனோடு மேற்கே திரும்பி வீட்டைப் பார்க்கும், அவற்றுக்கு நடுவில் நான் நிற்பேன், பின்னால் வாவி மினுங்கும். இதுதான் என் கணக்கு.

மொட்டுகள் என்னை நன்றாக நம்ப வைத்தன. காலையில் வாவியைப் பார்த்தன, பின்நேரம் என் குசினி வாசலைப் பார்த்தன. வாளி தூக்க முடியாத நாட்களில் சின்னச் சட்டியால் தண்ணீர் ஊற்றினேன். கைநரம்புகள் மருந்தில் விறைத்துக் கிடந்தன. ஆனாலும் ஊற்றினேன். பூத்தால் எப்படி எடுப்பது என்றும் யோசித்து வைத்திருந்தேன். மஞ்சளைப் படம் பிடிப்பது லேசான வேலையில்லை. உச்சி வெயிலில் இதழ்களெல்லாம் ஒன்றாகிப் பெயின்ற் அடித்த மாதிரி ஆகிவிடும். வெயில் சரிந்து, பூவின் முகத்திலேயே விழ வேண்டும்.

பூத்தன. பூத்த பிறகு திரும்ப மறுத்துவிட்டன. மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனின் பின்னால் போகுமாம். விரிந்து பாரம் ஏறியதும் கிழக்கைப் பார்த்தபடி கழுத்து விறைத்துவிடுமாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பின்நேரம் ஆசையாகப் போய் நின்றால், அத்தனை பூவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாவியைப் பார்த்து நிற்கின்றன. கல்யாண வீட்டில் பின்னுக்கு நின்றது போதாதென்று இங்கேயுமா? அழுதுவிட்டேன்.

வாவியில் வலை போடுகிற என் மனுசன் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பூவ வெட்டித் தாறன், கையில புடிகா."

"வெட்டினா வாடிப் போயிரும். பூவத் திருப்ப ஏலாது. நீங்க விடிய தோணியில வாவிக்குள்ள போங்க. அங்க இருந்து எடுங்க."

"போன் தண்ணிக்குள்ள விழுந்தா?"

"விழாமப் புடிங்க."

அப்படி எடுத்தால் எனக்குப் பின்னால் வாவி வராது. பூசாத சுவரும், கோழிக்கூடும், உடுப்புக் கொடியும்தான் வரும். வரட்டும் என்று விட்டேன்.

விடிந்தது. அக்கரையில், எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேலே சூரியன் வந்ததும், சொப்பிங் பையில் சுற்றிய போனை வெளியே எடுத்தார். தோணி ஆடிக்கொண்டிருந்தது. நான் பூக்களுக்கு நடுவில் நின்று தலைத்துணியை அவிழ்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு வெயில் தலையில் நேராகப் பட்டது. சுகமாக இருந்தது. அவர் போனைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

"என்ன பாக்கிறீங்க? எடுங்களன்."

"ஓம் ஓம், எடுக்கிறன்" என்றார்.

ஒரு படம் நன்றாக வந்திருந்தது. பூக்களும் நானும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறோம். தோணியில் நின்ற அவருடைய நிழல் தண்ணீரின் மேல் நீண்டு, கரையேறி, என் கால் வரைக்கும் வந்திருக்கிறது. தங்கைக்கு அனுப்பினேன். உடனே கோல் எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லாரிக்கு அக்கா. அந்த நிழல மட்டும் வெட்டி விடுங்க, படத்தக் கெடுக்குது" என்றாள்.

படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வருகிற கிழமை பரிசோதனை. அது என்ன சொன்னாலும் சொல்லட்டும், படம் அங்கேதான் இருக்கும். நிழலை வெட்டவில்லை. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அத்தனை நாளும் என் பக்கத்தில் இருந்தவர், இந்த ஒரு படத்திலாவது என்னோடு இருக்க வேண்டும்.