கலவரக் காப்பு இல்லாத கடை

“நிதானமானவர். ஆபத்து உள்ள இடத்தை முன்கூட்டியே இனங்கண்டு விலகி நிற்பவர். கம்பெனியின் நலனையே தம் நலனாகக் கருதுபவர்.” அரசுடைமையான காப்பீட்டுக் கம்பெனியின் புதுச்சேரிக் கிளையில், வளர்ச்சி அலுவலர் தணிகாசலத்தைப் பற்றி மேலாளர் ஆண்டுதோறும் எழுதும் நற்சான்று இது. அதை எழுதி மை காய்வதற்குள் தணிகாசலம் பாரதி வீதியில் யாரோ ஒருவருடைய கடைக் கதவைத் தட்டி, அது எவ்வளவு கல்லடி தாங்கும் என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடமாட்டார். விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைப்பார், அதுவும் கிளம்ப வேண்டிய திசையைப் பார்த்து. டீயை நின்றபடியே பாதி குடித்துவிட்டுப் பாதியை வைத்துவிடுவார்.

“உக்காந்து குடிச்சா தொண்டையில எறங்காதா சார்?” என்பார் டீக்கடைக் கலியமூர்த்தி.

“உக்காந்தா எழுந்திரிக்கணும்யா!”

தெருவில் புதிதாக எதைக் கொட்டினாலும் அவருக்குத் தூக்கம் போய்விடும். ஒருமுறை சாலை போட ஜல்லி கொட்டினார்கள். நேராக மேரிக்கு ஓடினார். நகராட்சியை இந்த ஊர் இன்னும் அப்படித்தான் சொல்கிறது. “நாளைக்கு ஊர்வலம் சார். நீங்க ஜல்லின்றீங்க. கையில எடுத்தா அது கல்லு!” மறுநாள் அதே ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று ‘ஒழிக’ போட்டவரும் அவர்தான். கோஷத்தில் கம்மிய தொண்டையோடு மாலையில் கடை கடையாக ஏறிக் கலவரக் காப்பு விற்பார். இதில் அவருக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை. தெருக்காரர்கள் அவருக்குக் ‘கலவரம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் தொல்லை தாங்காமல் அவரிடம் கலவரக் காப்பு எடுத்துவிட்டார்கள், மெத்தைக் கடை அக்பர் அலி பாயைத் தவிர. பாய் வைத்திருந்தது வெறும் தீக் காப்பு.

“அடுப்பு கவுந்து எரிஞ்சா தீ, பாய். கும்பல் வந்து கொளுத்துனா கலவரம். அதுக்குத் தனியா கட்டணும்.”

“எரியறது பஞ்சுதானே? யாரு வச்சதுன்னு பஞ்சுக்குத் தெரியுமா?”

“பஞ்சுக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும்.”

“கம்பெனி யாருது?”

“கவர்மென்ட்டுது.”

“போலீசு?”

“அதுவும்தான்.”

“கும்பலத் தடுக்கத்தான் வரி கட்டறேன். அவங்க தடுக்கலேன்னா அதுக்கும் நானே கட்டணுமா? போங்க சார், டீ ஆறுது.”

இந்தக் கேள்விக்குக் கம்பெனியின் விதிகளில் பதில் இல்லை. அந்த எரிச்சலிலேயே தணிகாசலம் மறுபடி மறுபடி அந்தக் கடைக்குப் போவார். இன்றும் போகிறார். பாய் இன்றும் கட்டவில்லை.

சில வருஷங்களுக்கு முன், எழுபத்தொன்பது ஜனவரியில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி ஊரே கொதித்தது. அலுவலர்கள் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று மேலாளர் சொல்லி அனுப்பினார். தணிகாசலம் அப்போது ஊர்வலத்தில் இருந்தார். கோஷம் போட்டுக்கொண்டே வந்தவர், தெருமுனையில் டயர் எரிவதையும் பொறி பறப்பதையும் பார்த்தார். தை மாதக் கல்யாணங்களுக்காகப் பாயின் கடையில் இலவம்பஞ்சு கூரை தொட அடைத்திருந்தது. முகப்போ இரும்பில்லை, பழைய பலகைக் கதவு. துணி எடுக்க விழுப்புரம் போன பாய், பஸ் நின்றுபோனதால் திரும்ப முடியவில்லை.

கையிலிருந்த கொடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத் தணிகாசலம் ஓடினார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து பாயின் மனைவி ஷரீபா பதறிக்கொண்டு வந்தார்.

“அவுங்க ஊர்ல இல்லண்ணே. இருக்கறதே இந்தக் கடைதான். எதனா ஆச்சின்னா கவர்மென்ட் குடுக்குமா?”

“குடுக்காதும்மா. நீ தண்ணி குடு.”

பஞ்சு வந்த கோணிகளை நனைத்துப் பலகைக் கதவு மறையத் தொங்கவிட்டார். அதற்குள் ஊர்வலம் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. அதன் வாலில் வந்த சிலர் கையில் மண்ணெண்ணெய்த் துணி இருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு கடையின் கண்ணாடி சிதறியது. அது அவர் பாலிசி விற்ற கடை; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“டேய், நம்ம கலவரம்டா! கம்பெனி சொத்துக்குக் காவலாண்ணே?” என்றான் துணி வைத்திருந்தவன்.

“கம்பெனி சொத்தா இருந்தா நான் ஏன்டா வரேன்? அது எரிஞ்சா டில்லி குடுக்கும். இதுக்கு யாருடா குடுப்பான், உங்கப்பனா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துணிக்காரன் சிரிக்கவில்லை. “எழுந்து போண்ணே, அப்பால பேசிக்கலாம்” என்று கிட்டே வந்தான். அப்போதுதான் தெருவே அதைக் கவனித்தது.

கலவரக் காப்பு எடுத்த கடைகளையெல்லாம் அரசாங்கத்திடம் விட்டுவிட்டு, எடுக்காத ஒரே கடையின் படியில், ஈரக் கோணியில் முதுகைச் சாய்த்து, துணிக்காரனும் ஊர்வலத்தின் கடைசி ஆளும் தாண்டிப் போகும்வரை தணிகாசலம் உட்கார்ந்திருந்தார்.