புகைப்படக்காரர்களுக்கு வாசித்த உரை

சமஸ்தானச் சட்டசபையில் நாஞ்சில் நாட்டுக்காக இரண்டு முறை உட்கார்ந்தவன் நான். அரசாங்கத்தை நடத்துகிறவரே சபைக்கும் தலைவர். ஆண்டுக்கொரு முறை அவர் எங்களுக்கு உரை வாசிப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்த உரையைத் தூங்காமல் கேட்டு முடிப்பதே பெரும்பாடு. எந்தக் கால்வாயில் மண் எடுத்தார்கள், எந்தப் பாலம் ஏன் பாதியில் நிற்கிறது என்று குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே போவார். ஒருமுறை, கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தவறு எங்கள் பேரில்தான்" என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. ஆனால் அடுத்த கும்பப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் வந்தது.

முப்பதுகளில் மறுபடியும் போனேன். தலைவர் மாறியிருந்தார், மண்டபமும் மாறியிருந்தது. ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். முன்வரிசை பத்திரிகைக்காரர்களுக்கு, நாங்கள் பின்னால். மூன்று கால் வைத்த புகைப்படப் பெட்டிகள் தலைவரின் முகத்தையே எங்களுக்கு மறைத்தன. எந்த இடத்தில் கைதட்டினால் நன்றாயிருக்கும் என்று ஓர் அதிகாரி வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என் பக்கத்தில் இருந்தவர் இனயத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர்க்காரர், கருவாட்டு வியாபாரி. சபைக்குப் புதியவர். அவர் ஊரைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு கல்சுவர் கேட்கத்தான் வந்திருந்தார். உரையின் நடுவில் தலைவர் நிறுத்தி, அவரை முன்னால் அழைத்தார். தோளில் கைபோட்டு, அடுத்த மழைக்கு முன் சுவர் எழும் என்று அறிவித்தார். பளீரென்று வெளிச்சம், புகை, கரவொலி.

திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, இத்தன பேரு முன்னால பறஞ்சாரு. இனி மாற முடியுமா?"

முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். படம் பத்திரிகையில் வந்தது. அவர் ஊர்ச் சாயாக்கடையில் அதை ஒட்டி வைத்தார்கள்.

ஒரு கல்கூட வந்து இறங்கவில்லை. மழைக்காலத்துக் கடல் ஒரு வரிசை வீடுகளைக் கொண்டுபோனது. நான் போய்ப் பார்த்தபோது அந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்தன. வீடிழந்த ஒரு பெண் வியாபாரியின் முன்னால் வந்து நின்றாள். "படத்துல நல்லா சிரிச்சியே மக்கா. சுவரு எங்க?" அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நகரவில்லை.

அடுத்த ஆண்டு உரையில் கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெருவுக்கெல்லாம் மின்சார விளக்கு வரப்போவதாகத் தலைவர் முழங்கினார். வியாபாரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து கையை உயர்த்திக் கத்தினேன்: "கடல்சுவர் எங்கே? போன வருஷம் சொன்ன சுவர் எங்கே?"

ஒலிபெருக்கிக்கு முன் என் தொண்டை எந்த மூலைக்கு? தலைவர் கோபப்படவில்லை. புகைப்படக்காரர்கள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "உறுப்பினரின் உற்சாகத்துக்கு நன்றி" என்றார். பளீரென்று வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

மறுநாள் பத்திரிகையில் நான். உயர்த்திய கை, திறந்த வாய். கீழே, எழுந்து நின்று உரையை வரவேற்ற உறுப்பினர் என்று அச்சடித்திருந்தார்கள். பத்திரிகை அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்தவர், "படம் நல்லாத்தானே வந்திருக்கு, பின்ன என்ன?" என்றார். ஊர் திரும்பினால் நாகர்கோவில் கடைவீதியில் வணக்கம் போட்டவர்கள் எத்தனை பேர்! ஒருவனாவது நான் என்ன பேசினேன் என்று கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்ட வியாபாரி மட்டும் சொன்னார்: "நீங்க கேட்டது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எங்க ஊருல சொன்னா ஆரும் நம்பமாட்டேங்காவ. நீங்களும் அவரு ஆளுதான்னு பறயாவ."

அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் குடும்பங்கள் உள்ளே தென்னந்தோப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. நான் பதவிக்காலம் முடியும்வரை இருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் சுவரைப் பற்றிக் கேட்டேன். கேள்வி நேரத்தில் பத்திரிகைக்காரர்கள் யாரும் இருப்பதில்லை. ஆகவே பதில் சொல்லவும் யாரும் இருப்பதில்லை.