ஒரே வைன் போத்தலுடன் அடுத்தடுத்து இரண்டு கப்பல் பயணங்கள்

அடுத்தடுத்து இரண்டு உல்லாசக் கப்பல் பயணங்களுக்குப் பதிவு செய்திருக்கும் ஒரு வாசகர், சொந்தமாக வைன் கொண்டுபோகலாமா, முதல் பயணத்தில் மிஞ்சியதை இரண்டாவதில் குடிக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். இந்த விஷயத்தில் எனக்கு இருப்பது ஒரே ஒரு போத்தலின் அனுபவம். அதுவும் 1995 நவம்பரில், பினாங்கிலிருந்து. நேரங்களையும் கட்டணத்தையும் அன்றைய டைரியிலிருந்து தருகிறேன். விதிகள் இன்று மாறியிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லவேண்டும். என் மனைவி மங்கை ஜோர்ஜ் டவுனில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். ஆண்டு முடிவு விருந்துகளில் சக ஆசிரியைகள் வைன் ஊற்றித் தருவார்கள். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி இல்லை, அதனால் அவள் வேண்டாம் என்பாள். ஓய்வு பெற்ற நாளில் அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு சிவப்பு வைன் போத்தலைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது இரண்டு வருடம் எங்கள் உடுப்பு அலமாரியில், என் கம்பளிச் சட்டைக்குப் பின்னால் கிடந்தது.

ஒரு நாள் மங்கை சொன்னாள்: "இவ்வளவு காலமும் எதை வேண்டாம் எண்டு சொன்னனான் எண்டு எனக்கு அறியவேணும். நீங்களும் பக்கத்தில இருக்கவேணும்."

நான் அப்போது கோவில் நிர்வாகச் சபையின் செயலாளர். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு ஜன்னலும் பக்கத்து வீட்டு ஜன்னலும் நேருக்கு நேர். அதனால் கடல்தான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றியது. செவ்வாய் மாலை புறப்பட்டு, புக்கெட், கிராபி பார்த்து வெள்ளி காலை திரும்பும் மூன்று இரவுகள். அதே கப்பலில் வெள்ளி மாலை புறப்பட்டு லங்காவி போய்வரும் இரண்டு இரவுகள். இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரண்டாவது பாதி விலை.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். போத்தல் கொண்டுவரலாமா என்று கப்பல் முகவருக்குக் கடிதம் எழுதினேன். தட்டச்சு செய்து, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு. பத்து நாளில் பதில் வந்தது. ஒரு பயணத்துக்கு ஆளுக்கு ஒரு போத்தல். ஏறும்போது ஒப்படைக்கவேண்டும். உணவு மண்டபத்தில் மட்டுமே திறக்கலாம், திறப்பதற்கு இருபது மலேசிய வெள்ளி. திறக்காத போத்தலைப் பயண முடிவில் திருப்பித் தருவார்கள். அடுத்த பயணத்திலும் நீங்களே இருந்தாலும், அதோடு கீழே இறங்கி, சுங்கம் கடந்து, மறுபடி ஏற்றவேண்டும்.

துறைமுகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து டாக்சியில் கால் மணி நேரம். நாலரைக்குப் போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் ஒரு சீன அம்மாள், கிணுகிணுவென்று சத்தம் போடும் பையோடு ஏறினார். யாரும் அதைத் திறக்கவில்லை. என் முறை வந்தபோது அதிகாரி பட்டியலைப் பார்த்தார். என் பெயருக்கு நேரே என் கடிதத்தின் நகல். போத்தலை வாங்கி, எங்கள் அறை எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் கட்டி உள்ளே அனுப்பினார்.

கப்பல் ஆறு மணிக்கு நகர்ந்தது. நகர்ந்தது கப்பலா கரையா என்று எனக்குச் சந்தேகம். மணிக்கூட்டுக் கோபுரம் மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. பட்டர்வொர்த் போகும் பெர்ரிப் படகு ஒன்று எங்களைக் கடந்து, விளக்கெரியும் ஒரு வீட்டைப் போல மிதந்து போனது. பினாங்கு மலையில் ஒவ்வொன்றாய் வெளிச்சங்கள் ஏற்றப்பட்டன. பிறந்ததிலிருந்து வாழும் ஊர், ஆனால் வேறு யாரோ கண்ட கனவைப் போல இருந்தது. மங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கட வீடு எதுக்குப் பின்னால?" என்று கேட்டாள். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

ஏழரைக்கு இரவு உணவு. உட்கார்ந்து துடைதுணியை விரிக்கிறேன், அடுத்த மேசையில் கோவில் பொருளாளர் சிவபாதமும் அவர் மனைவியும்.

"அட, செயலாளர்! நீங்களுமோ?"

எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் சரோஜா, சுங்கை பாக்காப் ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். குரல் மண்டபத்தின் மறுகோடி வரை போகும். "அங்கிள், உங்க வைன் போத்தல் வந்திருக்கு. இப்பவே தொறந்திடட்டுமா?"

"எங்கட போத்தல் இல்லை," என்றேன்.

"அறை நம்பர் உங்களுதுதான் லா."

"ஏதோ பிழை நடந்திருக்கு."

சரோஜா என்னைப் பார்த்தார், மங்கையைப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். மங்கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

புதன் காலை ஏழு மணிக்குப் புக்கெட், சுமார் 350 கிலோமீட்டர். வியாழன் கிராபிக்கு எதிரே நங்கூரம். பாறைத் தீவுகள் கடலில் நட்டு வைத்தவை போல நின்றன, அடியில் பச்சைத் தண்ணீர் மூச்சு விட்டது. மதியம் முழுவதும் மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். விழித்திருந்தேனா தூங்கினேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு தீவு அருகில் வந்தது, போனது, வேறொன்று வந்தது. பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. மங்கை கப்பலின் மறுபக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு இரவுகளிலும் சரோஜா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

வியாழன் இரவு அறையில் நான் மெல்லச் சொன்னேன்: "சிவபாதம் நாளைக்கு இறங்கிவிடுவார். இரண்டாவது பயணத்தில குடிப்பம்."

"அவர் போனாப்பிறகு எனக்கு வேண்டாம்," என்றாள். "ஒளிச்சுக் குடிக்கிறதெண்டால் அலமாரிக்குள்ளயே குடிச்சிருக்கலாம். வெள்ளிக்கிழமை வீட்டை போவம். இனிமேல் நான் கேக்கமாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த இரவு நெடுநேரம் எந்திரத்தின் முனகலைக் கேட்டபடி கிடந்தேன்.

வெள்ளி காலை எட்டுக்குப் பினாங்கு. படியருகே போத்தலைத் திருப்பித் தந்தார்கள், கழுத்தில் அதே அட்டையோடு. பைக்குள் வைத்துக்கொண்டு சுங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மங்கை. பின்னால் சிவபாதமும் மனைவியும். சுங்க அதிகாரி ஒரு தமிழர். பையைத் திறந்து, போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"என்னா ஐயா, மூடி அப்படியே இருக்கு? இதைச் சும்மா கப்பல்ல ஊரு சுத்திக் காட்டினீங்களா?" வரிசை சிரித்தது. "யாருது இது?"

மங்கை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"எங்கடது," என்றேன். குரல் எழும்பவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னேன். "எங்கட வைன். நானும் மனைவியும் குடிக்கிறதுக்குக் கொண்டுபோனது. செவ்வாய்க்கிழமை கேட்டபோது இல்லை எண்டு சொன்னது நான்தான். பின்னேரம் திரும்ப ஏத்தப்போறம்."

"சரி ஐயா, இங்க வாங்கினதுதானே, போங்க. ஆனா சாயங்காலம் வரும்போது இந்தக் கதையை மறுபடியும் சொல்லணும், எனக்கு ஷிப்ட் முடிஞ்சிடும் லா."

சிவபாதம் என் தோளுக்கு மேலால் போத்தலை உற்றுப் பார்த்தார்.

"உது சிவப்பு," என்றார் கடைசியில். "கனக்கக் குளிர வையாதையுங்கோ."

அவருடைய மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கமாட்டேன்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. எஸ்பிளனேட் கடற்கரைச் சுவரோரம் உட்கார்ந்து, மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டு, நான்கு மணிக்குத் திரும்பி வந்தோம். போத்தலுக்குப் புதிய அட்டை கட்டினார்கள். இரவு ஏழரைக்கு, சரோஜா கேட்பதற்கு முன்பே நான் கையை உயர்த்தினேன். உயரம் போதவில்லை போலும், இரண்டாம் தடவைதான் கண்டார்.

"வாங்க அங்கிள், இன்னிக்கி அறை நம்பர் சரியா இருக்கா?"

"சரியாக இருக்கு."

தக்கை பாதி உடைந்து வெளியே வந்தது. வைன் புளித்துப்போயிருந்தது. மங்கை ஒரு மிடறு குடித்து, கண்ணை இறுக்கி மூடி, பிறகு திறந்தாள். "தோடம்பழத் தோல் ஊறின மருந்துத் தண்ணி," என்றாள். நானும் குடித்தேன். அவள் சொன்னது சரி. கண்ணாடிக்கு வெளியே கடல் கறுத்துக்கொண்டு வந்தது, எங்கோ மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் வரிசையாய்த் தூங்கின. அவள் கன்னம் சிவந்திருந்தது. காலிக் கிளாஸை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம்," என்றாள்.

இப்போது வாசகருக்கு. முதல் பயணத்துப் போத்தல் இரண்டாம் பயணத்தின் கணக்கில்தான் சேரும், ஆகவே கூடுதலாக ஒன்று கொண்டுபோகாதீர்கள். வாங்கிய ரசீது இருந்தால் சுங்கத்தில் காட்ட உதவும். இறங்கி ஏறும் நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பினாங்கு வெப்பத்தில் வைனை உடுப்பு அலமாரியில் வைக்கவேண்டாம். முன்கூட்டிக் கடிதம் எழுதலாமா என்பதில் எனக்கு இன்றும் உறுதியில்லை. ஆனால் மேசையில் போத்தல் யாருடையது என்று கேட்டால், முதல் இரவிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று இரவுகள் மிச்சமாகும்.