சாவுச் செய்தி வீடு சேரும் வழி

பேராசிரியர் தமிழ்ச்செல்வி இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னவர் அவருடைய துறையில் உடன் வேலை பார்த்த ஜோசப் சார். முற்பகல் நேரம். அரியலூரில் குறைதீர் கூட்டத்துச் செய்திக்காக உட்கார்ந்திருந்தேன். "மேடம் கிளாஸ்லயே மயங்கி விழுந்துட்டாங்க. ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போனோம். மூளையில ரத்தக்கசிவுன்னாங்க. திருச்சிக்கு ஏத்துறதுக்குள்ள போயிட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எறையூர்ல அவங்க அம்மாவுக்கு இன்னும் சொல்லல. நான் நேர்ல போயிட்டிருக்கேன். அதுவரைக்கும் உங்க செய்தியாளருங்க குரூப்புல எதுவும் வந்துடாம பாத்துக்குங்க" என்றார்.

வெளியே வந்து ஒவ்வொருவராக அழைத்தேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் செய்தியாளர் என்று இருக்கிற அத்தனை பேரையும் தமிழ்ச்செல்வி எப்போதோ பேட்டி கண்டிருந்தார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் விழுந்ததைப் பார்த்தவர்கள் அவருடைய மாணவர்கள். ஜோசப் சார் எறையூரில் இறங்குவதற்கு முன்பே மாணவர்களின் குழுக்களில் அவருடைய படம் கறுப்புப் பட்டையோடு வந்துவிட்டது.

எறையூரில் நடந்ததை ஜோசப் சார் பிறகு சொன்னார். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து, யாருடைய பேத்திக்கோ காதுகுத்து என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரிடமும் போன் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெற்றவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. உரிய ஆள் ஒருவர் வந்து சொல்லட்டும் என்று, அந்த அம்மாவைத் தனியே விடாமல் காவல் இருந்திருக்கிறார்கள். ஜோசப் சார் தெருவில் நுழைந்ததும் அவர்கள் எழுந்து நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குப் புரிந்தது.

காரியத்துக்குப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "துணைக்கு உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன் தம்பி. எம்மொவ செத்தது தெரிஞ்சு உக்காந்திருந்திருக்காங்க. நான் பாட்டுக்கு அவங்களுக்கு டீ போட்டுக் குடுத்துகிட்டு இருந்தேன். சக்கரை போதுமான்னு வேற கேட்டேன்."

அவரை வகுப்பறையில் மட்டும் அறிந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ச்செல்வி முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே இதுதான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் விபத்தில் ஒருவர் செத்தால் அந்தச் செய்தி யாரிடம் பிறக்கிறது, யார் கையால் போகிறது, செத்தவரின் வீட்டுக்கு எப்போது, எந்த வடிவத்தில் போய்ச் சேருகிறது. காவல் நிலையத்திலிருந்து பத்திரிகைக்கு, பத்திரிகையிலிருந்து மறுநாள் காலை வாசகருக்கு என்றிருந்த பாதை உடைந்து, ரத்தம் காய்வதற்குள் படம் ஊரைச் சுற்றிவருகிற காலத்தில் வீட்டார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி.

முதலில் அவருடைய நெறியாளர் நாளிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில் எத்தனை வரி வந்தது என்று அளந்தால் போதும் என்றாராம். இவர் கேட்கவில்லை. "பேப்பர்ல என்ன வந்திருக்குன்னு பாக்க லைப்ரரி போதும் சார். அது யார் தலையில விழுந்துச்சுன்னு பாக்கணும்னா பஸ் ஏறணும்" என்று என்னிடம் சொன்னார். அப்படிப் பஸ் ஏறி வந்த இடத்தில்தான் அவரை நான் சந்தித்தேன். அரியலூர் மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே, தோளில் துணிப்பையோடு நின்றிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி மோதிச் செத்த ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். போனில் செய்திச் சேனல் நடத்துகிற ஒருவர் தள்ளுவண்டிக்குப் பின்னாலேயே ஓடி, துணியை விலக்கிப் படம் எடுத்தார். நாங்கள் இரண்டு பேர் சத்தம் போட்டோம். தமிழ்ச்செல்வி சத்தம் போடவில்லை. அந்த ஆள் படத்தை அனுப்பி முடிக்கும்வரை காத்திருந்து, "உங்ககூட கொஞ்ச நேரம் பேசலாமாங்க?" என்று கேட்டார்.

டீக்கடையில் அந்த மனிதர் முதலில் எரிந்து விழுந்தார். "நான் போடலேன்னா அடுத்தவன் போட்டுடுவான் மேடம். அப்புறம் என் சேனலை எவன் பாப்பான்?" பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, தனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்றும், வீட்டில் தன் போனை யாரும் தொடுவதில்லை என்றும், மகளே தொடுவதில்லை என்றும் சொன்னார். அவர் போன பிறகு நான், "இந்த ஆளுக்குப் போயி இவ்வளவு மரியாதையா?" என்று கேட்டேன். "அவரைத் திட்டுறதுக்கு ஆள் நிறைய இருக்குங்க. கேக்குறதுக்குத்தான் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு பல வீடுகளுக்கு நான் அவரோடு போனேன். செய்தி எழுதியவன் என்பதால் எனக்கு வழி தெரியும். மீன்சுருட்டி அருகே ஒரு வீடு மறக்க முடியாதது. அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் ஜெயங்கொண்டத்திலிருந்து திரும்பும் வழியில் அடிபட்டுச் செத்தவர். 'அடையாளம் தெரியாத ஆண்' என்று குழுவில் வந்த படத்தை, நடவு வயலில் யாரோ இவளிடமும் காட்டியிருக்கிறார்கள். "மொகம் தெரியலம்மா. செருப்பு தெரிஞ்சுது. அதுக்கு மொத நாளு நாந்தான் வார் தச்சுக் குடுத்தேன்" என்றாள். தமிழ்ச்செல்வியால் தாங்க முடியவில்லை. கையை நீட்டி ஒலிப்பதிவை நிறுத்திவிட்டார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா நிறுத்திட்ட? அவரு ரோட்டுல கெடந்தத ஊரே எடுத்துச்சு. நான் சொல்றத எடுக்க மட்டும் உனக்குக் கை வரலையா? போடு." தமிழ்ச்செல்வி மறுபடி போட்டார். அவள் சொல்லச் சொல்ல அழுதபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "நான் அவங்களுக்காக நிறுத்தல, எனக்காக நிறுத்துனேன்" என்று மட்டும் சொன்னார்.

இப்படியெல்லாம் கேட்டுவிட்டு, படம் போடுவதே பாவம் என்று எழுதியிருந்தால் அவருடைய வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் உடையார்பாளையம் பக்கத்து முதியவர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். வீட்டை விட்டுப் போன மகனை அவர்கள் வருடக்கணக்கில் தேடியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் கிடந்த உடலின் படம் யார் யார் கையையோ தாண்டி அவர்களிடம் வந்திருக்கிறது. "அந்தப் படம் வரலேன்னா எம்புள்ளைய அனாதைப் பொணம்னு பொதச்சிருப்பாங்க. எடுத்தவன் நல்லா இருக்கட்டும்" என்றார். இது ஆய்வின் முடிவைக் குழப்புகிறது, அடிக்குறிப்பில் போட்டால் போதும் என்று மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். இவர் ஒரு முழு இயலையே அதற்கு ஒதுக்கினார். "எனக்கு எதிரா இருக்கிறதை எடுத்துட்டா அது ஆராய்ச்சி இல்லங்க. மனு."

பட்டம் கிடைத்த பிறகும் அவர் ஓயவில்லை. பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்தார். நாளிதழ்க்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், போன் சேனல்காரர்கள், குழு நடத்துகிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர் கேட்டது சின்ன விஷயம்தான். வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லும்வரை பெயரும் முகமும் வேண்டாம். யாருடைய உடல் என்றே தெரியாதபோது மட்டும், முகத்தைத் தவிர்த்து, உடையையோ பொருளையோ காட்டலாம். யாரோ ஒருவர், உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். தமிழ்ச்செல்வி சொன்னார்: "எங்கப்பா கரும்பு லோடு டிராக்டர் கவுந்து செத்தாரு. சொல்ல வந்தவரு முதல்ல குடிக்கத் தண்ணி கேட்டாரு. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். அவரு சொம்பைக் கீழ வைக்கிற வரைக்கும் எனக்கு அப்பா இருந்தாரு."

எல்லாரும் ஒப்புக்கொண்டோம். சில மாதங்கள் கடைப்பிடிக்கவும் செய்தோம்.

அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு வேன் விபத்து. வெளியூர்ச் சேனல்கள் வந்து இறங்கின. அவர்கள் படங்களைப் போட்டதும் இங்கே ஒருவர் போட்டார். பிறகு எல்லாரும் போட்டார்கள். 'வேண்டாம், வீட்டுக்காரங்க இன்னும் வந்து சேரல' என்று தமிழ்ச்செல்வி குழுவில் எழுதினார். அதற்குக் கீழே படங்கள் வந்துகொண்டே இருந்தன. மீண்டும் எழுதினார். செய்தியை மறைக்கச் சொல்கிற ஆள் என்று ஒருவர் அவரைத் திட்டினார். சாயங்காலம் அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "தோத்துட்டோம்னு எழுதி ஒரு கட்டுரை அனுப்பப் போறேன். ஏன் தோத்தோம்னு நாலு பேருக்குத் தெரியணும்ல" என்றார். சிரித்தார். கண்கள் வீங்கியிருந்தன. அந்தக் கட்டுரையை எங்கேயோ வெளிநாட்டு ஆய்விதழில் எடுத்துக்கொண்டார்கள். இங்கே அதைப் படித்தவர்கள் அதிகமில்லை.

எங்கள் நாளிதழ் இரண்டு மாவட்டப் பக்கங்களையும் திருச்சியோடு சேர்த்துவிட்டது. விபத்துகளுக்கு இப்போது இரண்டு வரிகூடக் கிடைப்பது அரிது. இறந்தவர் பெயர், வயது, ஊர், அவ்வளவுதான். இதைச் சொல்லி நான் புலம்பியபோதெல்லாம் அவர் ஆறுதல் சொன்னதில்லை. "ரெண்டு வரியில வயசு தப்பா போட்டுடாதீங்க. அதுவும் போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் மிச்சமில்ல" என்பார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பஸ் பயணம். போன மழைக்காலத்தில் ஒரு பகல், ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூருக்கு இருவரும் வந்துகொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் அவர். ஆய்வேட்டில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருந்தார். ஆனால் அந்தச் செய்திகளை எழுதியவன் நான் என்பதால் என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு வளைவு வந்ததும், "இங்க செத்தவருக்கு நீங்க எழுதுனது கலியபெருமாள். வூட்டுல அவருக்குச் சின்னத்தம்பின்னு பேரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பாலத்தைக் காட்டி, "இங்க செத்த அந்தம்மா ராஜேஸ்வரி. அவங்க வீட்டுக்காரரு பாப்பான்னுதான் கூப்பிடுவாரு" என்றார். ஒரு பெட்ரோல் பங்க் எதிரே, ஒரு வேகத்தடைக்கு முன்னால், செங்கல் சூளை திரும்பும் இடத்தில் என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக அந்தச் செல்லப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவாராம். ஆய்வேட்டில் அதற்கு இடமே இல்லை. "அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். "அந்தப் பேரைச் சொல்றப்ப மட்டும் அவங்க குரல் பழைய மாதிரி ஆயிடுது" என்றார்.

இப்போது அந்தச் சாலையில் போகும்போது எனக்கும் அந்தப் பெயர்கள் வருகின்றன. சின்னத்தம்பி, பாப்பா, குட்டிமணி. எல்லாம் வருவதில்லை. செங்கல் சூளைத் திருப்பத்தில் செத்தவருக்குக் கல்லங்குறிச்சி சுப்பிரமணியன் என்று நான் எழுதிய பெயர்தான் நினைவிருக்கிறது. வீட்டில் அவரை என்னவென்று அழைத்தார்கள் என்று தமிழ்ச்செல்வி அன்றைக்குச் சொன்னார். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அந்த வீட்டுக்குத்தான் அடுத்த வாரம் போகப்போகிறேன்.