இளநீர் வேட்டையும் கக்குவான் இருமலும்

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்த காலம் அது. ராஜா பிறந்தநாள், ஓணம், சரஸ்வதி பூஜை, ஆறாட்டு என்று அந்த ஊர் அடிக்கடி கதவை மூடிக்கொள்ளும். சர்க்கார் குமாஸ்தாவுக்குச் சம்பளத்தோடு லீவு. எனக்குக் கடை திறந்தால்தான் கூலி. இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வயல் அறுப்புக்கு இரண்டு நாள் போய் வருகிறேன் என்று கேட்டால் மட்டும் முதலாளிக்கு வயிறு வலிக்கும். நெல்லை அறுக்கிறவனுக்கு லீவு கிடையாது. சோற்றைத் தின்கிறவனுக்குத்தான் லீவு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடிக்காதது பள்ளிவேட்டை. ஐப்பசியிலும் பங்குனியிலும் கோட்டைக்குள் பெரிய கோயிலில் திருவிழா. சாமியைக் கடலுக்குக் கொண்டுபோய் நீராட்டுகிற ஆறாட்டுக்கு முந்தின நாள் இருட்டியதும் சாமி வேட்டைக்குப் போகும். ராஜா கூடவே நடந்து வந்து அம்பு விடுவார். மிருகம் கிடையாது. ஓர் இளநீர். சும்மா உட்கார்ந்திருக்கிற இளநீர். அது பயந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, மேளம் இல்லை, பேச்சு இல்லை, தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ராஜ்யம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. இளநீருக்கு அது தெரியாது. தெருவில் நின்றவர்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நாங்கள் குடியிருந்த அறை அந்த வேட்டை போகிற தெருவில்தான். வீட்டுக்காரர் பென்ஷன் வாங்கும் பழைய குமாஸ்தா, பூதப்பாண்டிப் பக்கத்துக்காரர். நம் ஊர் ஆள் என்று நம்பிப் போனது என் மடத்தனம். ராஜாவுக்கே இல்லாத ராஜபக்தி அவருக்கு. பள்ளிவேட்டை அன்று வீட்டு முன்வராந்தாவில் நாலு பெரிய மனிதர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். வருஷம் முழுவதும் அதற்காகவே உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த ஐப்பசியில் என் மகனுக்குக் கக்குவான். ஒன்றரை வயது. இருமத் தொடங்கினால் நிற்காது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, கடைசியில் ஊ என்று இழுத்து மூச்சு வாங்குவான். அந்த இழுப்பு வந்தால்தான் பிள்ளை நம்மிடம் திரும்பி வந்தான் என்று அர்த்தம்.

வேட்டைக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஓய், நாளைக்குப் பிள்ளையக் கொண்டு எங்கயாவது போயிரும்."

"எங்க போவ அண்ணாச்சி?"

"உம்ம ஊருக்கு. பஸ்ஸு ஓடுகுல்லா?"

"இந்த மழையில பஸ்ஸுல கொண்டுபோவப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்பம் இருமாமப் பாத்துக்கிடும்."

"கக்குவானுட்ட நீங்களே ஒருவாட்டி சொல்லிப் பாருங்க. சர்க்கார் ஆளு சொன்னாக் கேக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "சத்தம் வெளிய கேட்டுதுன்னா மறுநாளே பொட்டி படுக்கைய எடுத்திரணும், கேட்டீரா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைக் காலில் போட்டு மிதித்துவிட்டேன். உள்ளே நின்ற என் மனைவி காதில் வாங்கிக்கொண்டாள். அறை கிடைக்காமல் ஒரு மாதம் சத்திரத்தில் பிள்ளையோடு கிடந்தவள் அவள்.

மறுநாள் இருட்டியது. ஆடாதோடைச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுத்ததில் பிள்ளை அவள் தோளில் தூங்கினான். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெற்று மார்பும் வெள்ளை வேட்டியுமாகக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. கால் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் பிள்ளை இரண்டு தடவை இருமினான். மூன்றாவது வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பைச் சுருட்டி அவன் வாயில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். கண் வாசலில் இருந்தது. பிள்ளையின் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

அவள் கையைத் தட்டிவிட்டுத் துணியைப் பிடுங்கி எறிந்தேன். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. தகர டப்பாவைக் கல்லில் அடிக்கிற மாதிரி விடாமல் இருமி, கடைசியில் ஊ என்று இழுத்தான். அந்த அமைதியில் கிழக்குக் கோட்டை வரை கேட்டிருக்கும்.

வீட்டுக்காரர் உள்ளே ஓடிவந்தார். "அடக்கும்வே, அடக்கும்" என்று கிசுகிசுத்தார்.

நான் கிசுகிசுக்கவில்லை. "மூச்சு முட்டிச் செத்தா, நாளைக்கு ஆறாட்டுல சாமியோட சேத்து இவனையும் கடலுக்குக் கொண்டுபோவீராவே?"

தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. சாமி நிற்கவில்லை. ராஜா திரும்பவில்லை. இளநீரும் ஓடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் மட்டும் கழுத்தைத் திருப்பி, சாதாரணக் குரலில், "கக்குவானா? ஆடாதோடை குடுத்தியளா?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அம்பு பட்டதோ என்னவோ, சங்கும் மேளமும் காதைப் பிளந்தன. இந்தக் கூத்துக்குத்தான் என் பிள்ளை வாய் பொத்திக் கிடக்க வேண்டியிருந்தது.

காலையில் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொன்னார். சரி என்றேன். ஆனால் அன்று ஆறாட்டு லீவு. சாமான் ஏற்ற ஒரு வண்டிக்காரனும் வரவில்லை. எங்களைத் துரத்துவதற்கும் அவர் விடுமுறை முடியக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று முழுவதும் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. பள்ளிவேட்டையே தேவலை.

அடுத்த நாள் மழை விட்டிருந்தது. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினோம். மண்டி வேலையை அத்தோடு விட்டேன். களியக்காவிளை தாண்டும்வரை அவள் பிள்ளையை இடது கையால் மட்டும் அணைத்துக்கொண்டு, வலது கையை மடியில் மடக்கி வைத்திருந்தாள்.

"ஏட்டி, கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. இந்தக் கையாக்கும் பொத்திச்சு."

ரோடு முழுக்கக் குழி. பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. பிள்ளை மறுபடி இருமத் தொடங்கினான். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு கையாலயும் பிடி" என்றேன். பிடித்தாள். அவன் ஊர் போய்ச் சேரும்வரை அந்த பஸ்ஸில் இஷ்டம்போல இருமினான்.