அலாரம் அக்காவும் அசையாத அண்ணனும்

சோதனை வாயு அடைத்த சின்ன உருளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரில் இருக்கும் சென்சாரின் மூக்கில் ஒரு பீச்சுப் பீச்சிவிட்டு, இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கிறார் அலாரம் அக்கா. அது வீல் என்று அலறுகிறது. “ம், உசிரோடதான் இருக்க” என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்ததை அழவைக்கப் போகிறார். காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டே உள்ளே நுழைவார்கள். “வந்தவுடனே ஆரம்பிச்சிட்டியாக்கா?” என்று யாராவது முனகினால், “நெசமா வாயு கசியும்போது இது வாயைத் திறக்கலைன்னா நீதான்ப்பா அழணும்” என்பார்.

அது ஒரு சலவைத்தூள் ஆலை. மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த கட்டுப்பாட்டு அறை அவருடைய ராஜ்யம். கருவியியலில் டிப்ளமோ படித்தவர். படித்ததை மறைத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. “நான் சொன்னேனா இல்லையா?” என்பதுதான் அவருக்குப் பிடித்த வாக்கியம். ஒரு வாரம் அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காவிட்டால் முகம் வாடிவிடும்.

ஆலை முழுக்க இருக்கும் சென்சார்களுக்கு எண்கள் உண்டு. அக்கா எண்களை மதிப்பதில்லை. கொதிகலன் பக்கத்தில் இருப்பது ‘மாமியார்’. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சத்தம் போடும். தூசியை அளப்பது ‘சளிமூக்கு’. கதவுகளில் இருப்பவை ‘வம்புக்காரிகள்’. எந்தக் கதவு எப்போது திறந்தது என்று ஒன்று விடாமல் சொல்லிவிடும். “மனுசங்க பொய் சொல்வாங்க. இதுங்க பொய் சொல்லாது. ஆனா நம்ம ஆளுங்க அதுங்களையும் பொய் சொல்ல வச்சிருவாங்க” என்பது அவருடைய நெடுநாள் குறை. வீட்டிலும் இதே கதைதான். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நகர்ந்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்பார். “இவகூடக் குடும்பம் நடத்துறதுக்கு ஒரு தீயணைப்பு நிலையத்துல குடியிருக்கலாம்” என்று அவர் கணவர் அக்கம்பக்கத்தில் புலம்புவார், பெருமையை மறைக்கத் தெரியாமல்.

அக்கா கேட்டு வாங்கிய கைப்பட்டைகள் வந்தபோதுதான் ஆலையே அவருக்கு எதிராகத் திரும்பியது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு ரப்பர் பட்டை. கட்டியிருப்பவர் அசைகிறாரா என்பதை மட்டும் அது மாடிக்குச் சொல்லும். எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. கொஞ்ச நேரம் அசைவே இல்லையென்றால் மாடியில் மணியடிக்கும். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற வந்த பட்டை, மதிய உணவுக்குப் பின் மூட்டைமேல் சாய்ந்தவர்களை எல்லாம் காட்டிக்கொடுத்தது. உடனே ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்கும்: “மூட்டைக்குப் பக்கத்துல சாஞ்சிருக்கிறவர், உசிரோட இருந்தா கையைத் தூக்கவும்.” கூடம் கொல்லென்று சிரிக்கும். தூக்கம் ஆழமாக இருந்து கை உயராமல் போனால் அக்கா மொத்த ஆலையையும் நிறுத்திவிடுவார். இப்படி இரண்டு மூன்று முறை நடந்ததும் மேலாளருக்குப் பொறுமை போயிற்று. “இன்னொரு தடவை சும்மா நிறுத்தினீங்கன்னா, பட்டையெல்லாம் மூட்டை கட்டி வந்த இடத்துக்கே அனுப்பிருவேன்” என்று சொல்லிவிட்டார்.

எல்லோரையும்விடக் கடுப்பில் இருந்தவர் அக்காவின் சொந்த அண்ணன். சல்லடை இயந்திரத்தை ஓட்டுகிறவர். கனத்த உடம்பு, நிதானமான நடை. ஒரு இடத்தில் நின்றால் நின்ற இடம்தான். “எங்க வீட்டுப் பாப்பா எனக்கே விலங்கு மாட்டுறா பாருங்க” என்று மணிக்கட்டை உயர்த்திக் காட்டி நியாயம் கேட்பார். நரைக்கத் தொடங்கிய தங்கையை ஆலை நடுவில் பாப்பா என்று அழைப்பது அக்காவுக்கு எவ்வளவு எரிச்சல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அழைப்பார்.

ஒரு பிற்பகல். மேலாளர் ஏதோ கேட்க மாடிக்கு வந்திருந்தார். திரையில் எல்லாம் பச்சை. எங்கும் மணி அடிக்கவில்லை. பேசிக்கொண்டே திரையை மேய்ந்த அக்கா, அண்ணனின் பட்டை காட்டும் அசைவுக் கோட்டில் வந்து நின்றார். அது துள்ளிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளை முடிந்ததிலிருந்து நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அண்ணனுக்குக்கூட வேலை செய்ய ஆசை வந்துவிட்டதே என்று. அடுத்த நொடி சிரிப்புப் போய்விட்டது.

“எங்க அண்ணன் பொறந்ததுலேர்ந்து இவ்வளவு நேரம் சேர்ந்தாப்புல அசைஞ்சதே கிடையாது சார்.”

“அசைஞ்சா நல்லதுதானே? எல்லாம் பச்சையாத்தான் இருக்கு.”

“பச்சையா இருக்கிறதுதான் சார் பயமா இருக்கு.”

ஆள் என்றால் நடப்பான், நிற்பான், தலையைச் சொறிவான். இந்தக் கோடு ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா ஒலிபெருக்கியில் அண்ணனைக் கூப்பிட்டார். எங்கும் ஒரு கை உயரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். சல்லடை தன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. திரையில் கதவுகளின் பதிவைத் திறந்தார். தூளை உலர்த்தும் டிரையருக்குப் பின்னால் உள்ள சிறிய அறை, கட்டிதட்டிய தூளைத் தட்டிவிட மட்டும் ஓரிரு நிமிடம் நுழைந்து வெளியேறுகிற அனல் அறை. அதன் கதவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை திறந்து மூடியிருந்தது. மறுபடி திறக்கவே இல்லை.

டிரையர் ஓடும்போது அந்த அனலில் நின்று ஒருவரைத் தூக்கிவர முடியாது. நிறுத்தியாக வேண்டும். தன் கணக்குத் தப்பாக இருந்தால் பட்டைகள் நாளையே மூட்டையேறும் என்பது அக்காவுக்குத் தெரியும். மேலாளர் வாயைத் திறப்பதற்குள் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

ஆலை முழுவதும் அடங்கிப்போனது. அக்கா படிகளில் இறங்கவில்லை, விழுந்தடித்து ஓடினார். சல்லடையின் சட்டத்தில், மூட்டை தைக்கும் நூலால் அழகாகக் கட்டப்பட்டு, அண்ணனின் பட்டை இப்போது ஆட்டமின்றித் தொங்கியது. குட்டித்தூக்கத்துக்காக அவர் கண்டுபிடித்த உபாயம். தூங்கி எழுந்தவர், அதை அவிழ்க்க மறந்துவிட்டு அனல் அறைக்குள் போயிருந்தார். கதவைத் திறந்தபோது சுவரோடு சரிந்து கிடந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரும் வெல்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை வெளியே இழுத்து வந்தார்கள்.

முகத்தில் தண்ணீர் பட்டதும் கண்ணைத் திறந்தார். “பாப்பா, மெஷின் ஏன் நின்னிருச்சு?”

“நீ செத்துத் தொலைஞ்சிட்டியோன்னுதான்!” என்று அக்கா கத்தினார். அழுகையும் திட்டுமாக, அதுவரை சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் மொத்த ஆலையும் கேட்கக் கொட்டினார். அண்ணனின் தலை தங்கையின் மடியில் கிடந்தது. அக்காவின் கை அவர் நெற்றியை விட்டு எடுபடவே இல்லை.

மருத்துவமனையில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். அன்று மாலை மேலாளர் எல்லோரையும் கூட்டிவைத்து, தான் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அனல் அறையின் கதவுக்குப் புதிய பூட்டு வந்தது. உள்ளே சூடு தணிந்தால் ஒழிய அது திறக்காது. பட்டை செய்து கொடுத்தவர்கள் அக்கா கேட்ட திருத்தத்தையும் செய்தார்கள். இப்போது அசையாமல் இருந்தாலும் மணியடிக்கும், மனிதனால் முடியாதபடி ஒரே சீராக அசைந்தாலும் மணியடிக்கும். இந்தத் திருத்தத்துக்கு ஆலையில் வழங்கும் பெயர் ‘அண்ணன் சட்டம்’. மூட்டைக்காரர்கள் ஷிப்ட் தொடங்கும்போது ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். “நான் சொன்னேனா இல்லையா?” என்று அக்கா ஒரு மாதம் விடாமல் சொன்னார். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய நாள், மதியம் உணவுக்கூடம் நிரம்பியிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா தட்டோடு உள்ளே வந்து, இடம் தேடி ஒரு சுற்றுப் பார்த்தார். தன்னைவிடச் சின்னவர் எவருக்காகவும் எழுந்தறியாத அந்தப் பெரிய உடம்பு மெல்ல எழுந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தது. சுவரோரமாக ஒதுங்கித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றது. அக்கா அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, அண்ணனுக்கு எதிரிலேயே, அத்தனை பேரும் பார்க்க, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.