மூடின ஓடைக்கு மேல ஒரு வீடு

மூண்டாம் வகுப்போட படிப்பை விட்டது நான் பள்ளிக்கூடத்துக்குச் செய்த உபகாரம். ஆனா வீடு வளவுக்குத் திசை பாக்க என்னை விட்டால் ஆளில்லை எண்டொரு எடுப்பு எனக்கு இருந்தது. அந்த எடுப்பாலதான் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்த் தண்ணிக்கு மேல இருத்தினன்.

தொண்ணூறுகளில மகன் என்னை ஓக்லாந்துக்குக் கூப்பிட்டெடுத்தான். அப்ப வாடகை வீடு. பேத்திக்கு முட்டு. குளிர் தொடங்கினால் பிள்ளையின்ர நெஞ்சு பழைய கதவு மாதிரிக் கிரீச்சிடும். ஈரமில்லாத, நல்லா வெயில் விழுற வீடாப் பாருங்கோ எண்டு டாக்குத்தர் சொன்னவர். அதுக்காகத்தான் மோட்கேஜ் கடன் எடுத்து வீடு வாங்க வெளிக்கிட்டவை.

மருமகளுக்குப் பிடிச்சது ஒரு மேட்டு வீடு. சின்னன், ஆனா காஞ்ச மரம் மாதிரி இருந்தது. வாசலுக்கு இருபத்திமூண்டு படி. நான் எண்ணேல்லை, என்ர முழங்கால் எண்ணினது.

மற்ற வீடு நியூ லின் எண்ட இடத்துக்குக் கிட்ட, மட்டமான நிலத்தில. பின் வளவு மூலையில ஒரு சீமெந்து மூடி. குனிஞ்சு கேட்டால் உள்ளுக்குத் தண்ணி ஓடுற சத்தம். நாங்கள் போனது ஒரு தை மாச மத்தியானம். எங்கட ஊரில மார்கழி தையில சூரியன் தெற்காலதான் சாயும். அந்தக் கணக்கில சூரியனைப் பாத்து நிண்டு, இது தெற்கு எண்டு முடிவு கட்டினன். அப்ப மூடி இருக்கிறது வடகிழக்கு. நாங்கள் கிணறு வெட்டுற ஈசான மூலை.

"தம்பி, வெட்டாமலே கிணறு கிடைச்சிருக்கு. வேற வீடு பாக்காத" எண்டன்.

உது என்ன தண்ணியெண்டு ஆரையும் கேப்பம் எண்டாள் மருமகள். தண்ணியில என்ன சாதி பாக்கிறது பிள்ளை எண்டு சிரிச்சு, அவளின்ர வாயை மூடிப்போட்டன். ஆறே இல்லாத ஊரில பிறந்தவள் நான். தண்ணியெண்டால் எனக்குக் கிணறு, இல்லாட்டி மழை. மண்ணுக்குக் கீழ ஓடையை ஒளிச்சு வைப்பினம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

குடிபூந்த அண்டு விடியப் பால் காய்ச்சினம். கிழக்கெண்டு நான் காட்டின பக்கம் பாத்துத்தான் அடுப்பு வைச்சது. பால் பொங்கேக்க சூரியன் என்ர முதுகில சுட்டது. இந்த நாட்டில சூரியன் வடக்கால சாயுதெண்டு அப்பதான் விளங்கிச்சு. அப்ப மூடி இருக்கிறது ஈசான மூலையில இல்லை, தென்மேற்கில. அந்த மூலையில ஒரு குழி தோண்டவே நாங்கள் பயப்பிடுவம். எல்லாரும் பால் வடிவாப் பொங்கினதெண்டு சந்தோசப்பட்டினம். நானும் ரெண்டு கிளாஸ் குடிச்சன்.

பக்கத்து வளவில ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அங்கயே பிறந்து வளந்தவர். ஒருநாள் வேலிக்கு மேலால கதை தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல மருமகள் எனக்குத் தமிழில சொன்னாள். அவர் சின்னனா இருக்கேக்க எங்கட வளவுக்குள்ளால ஓடை திறந்து ஓடினதாம். இறைச்சித் துண்டை நூலில கட்டி விலாங்கு பிடிச்சவராம். அவையளுக்கு முந்தி இந்த நாட்டுப் பூர்வீகச் சனமான மாவோரி ஆக்களும் அதில பிடிச்சவையாம். பேந்து மேல இருந்த பட்டறையளின்ர ஊத்தை எல்லாம் வந்து சேந்து நாறத் தொடங்கிச்சாம். சனம் முறைப்பாடு செய்ய, ஓடையைத் துப்பரவாக்காமல் குழாய்க்குள்ள விட்டு, மேல மண் போட்டு, அந்தக் காணியைத் துண்டு துண்டா வித்துப்போட்டினமாம். பெருமழைக்கு அந்தக் குழாய் காணாதாம்.

இதை வாங்க முன்னம் சொல்லியிருக்கலாமே எண்டு கேக்கச் சொன்னன். ஒருத்தரும் தன்னட்டைக் கேக்கேல்லை எண்டாராம். அதை மட்டும் மருமகள் என்னைப் பாத்து ரெண்டு தரம் சொன்னாள்.

ஆடியில ரெண்டு நாள் விடாத மழை. மூண்டாம் நாள் காலமை, சோத்துப் பானை மூடி மாதிரிச் சீமெந்து மூடி எழும்பினது. மண்ணிறத் தண்ணி வளவை நிரப்பி வீட்டு நிலப்பலகைக்குக் கீழ போய்ப் படுத்தது. பின்னேரம் வளவு வடிஞ்சுது. உடுப்புக் காயப்போடுற கம்பத்தடியில ஒரு விலாங்கு நெளிஞ்சுகொண்டு கிடந்தது. இவ்வளவு காலமும் அதுவும் உள்ளுக்குத்தான் இருந்திருக்கு, வாடகை குடுக்காமல்.

வளவு வடிஞ்சாலும் பலகைக்குக் கீழ ஈரம் போகேல்லை. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணப் புள்ளி. முட்டுக்குக் கிழமைக்கு ஒருக்கா வாயில பம்ப் அடிச்ச பிள்ளை நாளுக்கு நாலு தரம் அடிக்கத் தொடங்கினாள். விப்பம் எண்டால், வாங்க வந்த ஆக்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் போச்சினம்.

ஒருநாள் மருமகள் பிள்ளையின்ர அறைச் சுவரை பிளீச் போட்டுத் தேய்ச்சுக்கொண்டு நிண்டாள். நான் வாளி பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவள் திரும்பிப் பாக்காமலே கேட்டாள்.

"மாமி, பால் காய்ச்சின அண்டைக்கே திசை பிழையெண்டு உங்களுக்குத் தெரியும், என்ன?"

நான் வாளியைக் கீழ வைச்சன்.

"ஓம்" எண்டன். "இந்த வீட்டை எடுக்கச் சொன்னதுக்கு அந்தப் படியும் ஒரு காரணம்."

அவள் துணியைப் பிழிஞ்சாள்.

"இருபத்திமூண்டு படிதானே மாமி. நான் உங்களைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பன்."

தூக்கியிருப்பாள். அதுதான் இண்டைக்கும் குத்துது. முன் அறையில பிள்ளை இருமி, தாயை இங்கிலிசில கூப்பிட்டாள். மருமகள் துணியை வாளிக்குள்ள போட்டிட்டுப் போனாள். நான் அதை எடுத்து மிச்சச் சுவரைத் தேய்ச்சன். காலுக்குக் கீழ தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தது. அடுத்த கிழமை புள்ளி திரும்பி வந்திட்டுது.